முதலை ஆற்றங்கரையில் உங்கள் திதி

இஞ்சாருங்கோ,

வேறு எப்படி அழைத்தாலும் நீங்கள் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வீட்டில் கூப்பிட்ட மாதிரியே தொடங்குகிறேன்.

அன்று காலை அவுஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில், வாடகை வான்கள் நிறுத்தும் முற்றத்தில், மழைக்குள் நின்றவர்கள் மூன்று பேர். நான். எங்கள் மகள் வாசுகி. வானின் திறப்புச் சாவியைக் கையில் வைத்தபடி நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நாலாவதாக நீங்கள் நின்றிருக்க வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவளுக்கு வந்தவரைப் போல வராதவரையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தக் கிழவர் அப்படிப் பார்த்ததற்குக் காரணம், நான் வானின் நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்துக்கொண்டிருந்தேன். வாசுகி எனக்குக் குடை பிடித்தாள். டயரில் ஏதும் பழுதோ என்று அவர் கேட்டார். புதுப் பயணம் தொடங்கும்போது அம்மா இப்படித்தான் செய்வா என்று மகள் முகம் சிவக்க விளங்கப்படுத்தினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, பின்சில்லடியில் இருந்து உருண்டு போன தேசிக்காய் ஒன்றைத் தன் சப்பாத்துக் காலால் தள்ளி ஒழுங்காக வைத்தார். காலால் தள்ளியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மனம் நல்ல மனம்.

கற்பூரம் பற்றவில்லை. தீக்குச்சி நனைந்து போயிற்று. கடைசியில் பின்கதவை உயர்த்தி, அதன் கீழே ஒதுங்கி நின்று கொளுத்தினேன். வானுக்குள் நெருப்புக் கூடாது என்று அவர் சொல்லித்தான் இருந்தார். பின்கதவுக்குக் கீழே என்றால் உள்ளேயா வெளியேயா என்று நான் கேட்கவில்லை.

பிறகு நான் போய் வலப்பக்கக் கதவைத் திறந்தேன். முன்னால் ஸ்ரியரிங் இருந்தது. அங்கே எல்லாம் ஊரைப்போல இடப்பக்க ஓட்டம் என்பதை மறந்துவிட்டேன்.

"என்ன அம்மா, நீங்களோ ஓடப் போறியள்?" என்றாள் மகள்.

அவள் என்னோடு பகிடி விட்டு இரண்டு வருடம். அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தப் பயணம் உங்களுடையது. நீங்கள் ரொறன்ரோவிலிருந்து மேற்கே பாரவண்டி ஓட்டிய காலத்தில், தை மாதம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதவடியில் நின்று சொல்வீர்கள்: "பனி இல்லாத றோட்டிலை, மழைக்குள்ளை, ஆறுதலாய் ஒருக்கா ஓடவேணும் அப்பா. ஆரும் கெதியாய் வா எண்டு ஃபோன் அடிக்காத றோட்டிலை." ஓய்வெடுத்த பிறகு அப்படி ஓடுவோம் என்றீர்கள். ஓய்வு வரமுன் உடம்பில் வருத்தம் வந்தது.

அவுஸ்திரேலியாவுக்குத் தாதி வேலைக்குப் போன வாசுகி இதை மறக்கவில்லை. உங்கள் இரண்டாவது ஆண்டுத் திதி வரும் கிழமையில், அங்கே மாரிகாலத்தில், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வானை வாடகைக்கு எடுத்துவிட்டு எனக்கு விமானச் சீட்டும் அனுப்பினாள். மழை காலத்தில் யாரும் அந்தப் பக்கம் பயணம் போவதில்லையாம். அவளோடு வேலை செய்கிற தாதிமார் எல்லாம் சிரித்தார்களாம். அப்பாவுக்கு மழைதான் வேணும் என்று இவள் சொன்னாளாம்.

இப்போது திதிக் கதைக்கு வருகிறேன். போன வருடம் இங்கே மில்லிக்கனில் உங்கள் அண்ணை வீட்டில்தான் நடந்தது. அண்ணையின் மகன் சுதன் தர்ப்பை போட்டுக்கொண்டு கிரியை செய்யப் பலகையில் இருந்தான். உங்களுக்குக் கொள்ளி வைத்தவனும் அவன்தான். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. பிண்டத்தைக் கொண்டுபோய் ஒன்ராறியோ வாவியில் விடப் போனால் கரையோரம் உறைந்து கிடந்தது. சுதன் குதிகாலால் பனிக்கட்டியை உடைத்து வழி செய்தான். பாவம், சப்பாத்துக்குள் தண்ணீர் போய் இரண்டு நாள் தும்மலும் தடிமனும்.

இந்த வருடம் சுதனால் முடியாது. ஆவணியில் அவனுக்குக் கலியாணம் நடந்தது. கலியாணம் செய்தவன் வருடம் திரும்பும் வரைக்கும் பிண்டம் போடக்கூடாது என்று அண்ணை மறித்துவிட்டார். மூத்தவர் இளையவருக்குச் செய்கிற வழக்கமும் இல்லை. "நீங்கள் அவுஸ்திரேலியா போறதும் ஒரு வழிக்கு நல்லதுதான்" என்று சொல்லி, ரவுன்ஸ்வில் நகரில் இருக்கும் உங்கள் ஒன்றுவிட்ட தம்பி நடேசுவோடு கதைத்து ஒழுங்கு செய்தார். நடேசு உங்களுக்காகப் பலகையில் இருப்பார். கெய்ன்ஸிலிருந்து ரவுன்ஸ்வில் அரை நாள் ஓட்டம்.

நாள் குறித்தது நான். எங்கள் கோயில் கலண்டரில் உங்கள் திதி வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. ரொறன்ரோவில் வியாழன் மத்தியானம் என்றால் அங்கே வெள்ளி விடியப்புறம். ஆகவே அங்கே வெள்ளிக்கிழமைதான் என்று நானே கணக்குப் பார்த்துத் திருத்தி, நடேசுவுக்கும் வெள்ளி என்று சொல்லிவிட்டேன். புதன் புறப்பட்டு, வழியில் ஓர் இரவு தங்கி, வியாழன் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவது எங்கள் திட்டம்.

புதன் காலை புறப்பட்டோம் என்று சொன்னேனே. ரொறன்ரோ மழை கண்ணாடியில் தட்டும். அந்த மழை கண்ணாடியில் ஊற்றுகிறது. இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டம், ஆளுயரத்துக்கு மேலே பச்சை. அதற்கு அப்பால் மலை இருக்கிறதென்று மகள் சொன்னாள். நான் முகிலைத்தான் கண்டேன். கொஞ்சத் தூரத்துக்கு ஒரு சிற்றாறு வரும், அதன் மேலே ஒரு பாலம் வரும், ஒவ்வொரு பாலத்திலும் தண்ணீர் ஏறி வந்துகொண்டிருந்தது.

வாசுகி உங்களைப் போலத்தான் ஓடுகிறாள். முன்னுக்குச் சாய்ந்து, தாடையை ஸ்ரியரிங்குக்கு மேலே நீட்டிக்கொண்டு. நான் பக்கத்தில் இருந்து தேவாரம் படித்தேன். அவள் சேர்ந்து படிக்கவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

மத்தியானம் தாண்டியபோது பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். அவருக்குப் பின்னால் றோட்டே இல்லை. மண்ணிறத் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளத்தின் ஆழம் காட்டுகிற அளவுக் கம்பம் ஒன்று அதன் நடுவில் கழுத்தளவில் நின்றது. திரும்பிப் போகலாம் என்று பார்த்தால், நாங்கள் கடந்து வந்த பாலம் ஒன்றையும் பின்னால் மூடிவிட்டார்களாம். பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அதில் மேட்டில் வான்களோடு தங்குகிற ஒரு கரவன் பார்க், அங்கே போய் நில்லுங்கள் என்றார்.

அந்த இடத்தை நடத்துவது ஓர் உயரமான மனிசி. வானை நிறுத்த இடம் காட்டிவிட்டு, முதலில் சொன்ன விசயம் கழிப்பறை எங்கே என்பது அல்ல, முதலை எங்கே என்பது. பார்க்கின் கீழ்ப்பக்கம் ஆறு. வேலியோரம் மஞ்சள் பலகையில் முதலைப் படம் போட்டிருந்தது. கரைக்குப் போகக்கூடாது, தண்ணீரில் கால் வைக்கக்கூடாது, சாப்பாடு ஒன்றும் ஆற்றில் போடவே கூடாது. போட்டால் அது நாளைக்கும் அதே இடத்துக்கு வருமாம். கடலுக்குப் போகலாமோ என்று மகள் கேட்டாள். கடலில் இந்த மாதங்களில் ஜெல்லி மீன் என்கிற நஞ்சுச் சொறி உண்டாம். பட்டால் ஆள் தப்புவது கடினமாம். இப்படி ஒரு நாட்டில் நாங்கள் எங்கள் பிதிர்களுக்கு எங்கே போய் நீர் விடுவது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். நினைத்தபோது எனக்குக் கவலை இல்லை. நடேசு வீட்டில் எல்லாம் ஒழுங்காய் நடக்கும் என்றுதான் இருந்தேன்.

வியாழன் விடிய நடேசுவின் அழைப்பு வந்தது. பாதை மூடிவிட்டதைச் செய்தியில் கண்டு விசாரிக்க எடுத்திருந்தார். மகள் ஃபோனைப் பெருங்குரலில் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு இழுத்து இழுத்துச் சொன்னார்.

"மச்சாள், நான் நேற்று இரவுதான் இஞ்சத்தைப் பஞ்சாங்கத்தைப் பாத்தனான். திதி இண்டைக்குக் காலமை தொடங்கி நாளைக்கு விடியவே முடிஞ்சுபோகுது. அப்ப இண்டைக்கெல்லோ செய்யவேணும்."

கலண்டரில் போட்டிருந்த வியாழனே சரி. நான் திருத்தியதுதான் பிழை. யாரிடமும் கேட்காமல், என் கணக்கில் எனக்கு இருந்த நம்பிக்கையில் ஒரு நாளைக் கூட்டிவிட்டேன். தேத்தண்ணி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

"பாதை நாளைக்கும் திறக்காது எண்டுறாங்கள்" என்றார் நடேசு. "ஒண்டும் யோசிக்காதையுங்கோ. திதி தவறினால் அமாவாசைக்குச் செய்யலாம். வழக்கத்திலை இருக்கு. நான் செய்வன்."

எனக்கு உயிர் வந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசுகி ஃபோனுக்குக் கிட்ட வந்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு நான் செய்யலாமோ?"

"அதை நான் சொல்லேலாது பிள்ளை" என்றார் நடேசு. "கொம்மாவைக் கேள்."

நான் ஃபோனை வைத்தேன். அமாவாசைக்குச் செய்வோம் என்றேன். வழக்கம் இருக்கிறது என்றேன். பெண்பிள்ளை பலகையில் இருந்து நான் கண்டதில்லை என்றேன். நான் கத்தவில்லை, அவளும் கத்தவில்லை. வானுக்குள் இரண்டு பேர் நிமிர்ந்து நிற்க இடமில்லை. அவள் படுக்கையின் விளிம்பில் இருந்தாள், நான் கதவடியில் நின்றேன்.

"அம்மா, கடைசி நாலு மாசமும் அப்பாவைக் குளிப்பாட்டினது ஆர்?"

நான் குடைக்குக் கை நீட்டினேன்.

"புண்ணுக்கு மருந்து கட்டினது ஆர்? குளிப்பாட்டேக்கை நான் பெம்பிளைப்பிள்ளை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. கொள்ளி வைக்கேக்கைதான் உங்களுக்கெல்லாம் ஞாபகம் வந்தது. சுதன் எரியூட்டுற பட்டனை அமத்தேக்கை என்னைப் பின்னாலை நிக்கச் சொன்னவை. நான் பின்னாலை நிண்டனான். நான் ஏன் இவ்வளவு தூரம் வந்தனான் எண்டு நினைக்கிறியள்? சம்பளத்துக்கோ?"

அதுவரைக்கும் சம்பளத்துக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களை அனுப்பி மூன்றாம் மாதம் அவள் பெட்டி கட்டியபோது, இங்கே ரொறன்ரோ ஆஸ்பத்திரிகளில் வேலைப்பளு, அங்கே சம்பளமும் கூட என்று சொன்னாள். நானும் கோயிலில் கேட்டவர்களுக்கு எல்லாம் அதையே சொன்னேன்.

"இண்டைக்கும் இல்லையெண்டால்," என்றாள், "பிறகு என்னை ஒண்டுக்கும் கூப்பிடாதையுங்கோ அம்மா. கோவத்திலை சொல்லேல்லை. உண்மையாய்த்தான் சொல்லுறன்."

அவளுக்கு உங்கள் குணம். கோபத்தில் சொன்னதைத் திருப்பி எடுப்பாள். ஆறுதலாய்ச் சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். வேலி வரைக்கும் நடந்தேன். ஆறு பெருகி மரங்களின் இடுப்பைத் தொட்டுக்கொண்டு போனது. முதலை ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் முதலை என்று அந்த மனிசி சொல்லியிருந்தா.

நீங்கள் அறிவீர்கள், நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் அல்ல. திருமுறையும் புராணமும் நானாக எழுத்துக்கூட்டிப் படித்தவை. ஆனால் படித்ததை விடாமல் படித்திருக்கிறேன். அந்த வேலியடியில் நின்று, மகள் விட்ட நீர் தகப்பனுக்குப் போய்ச் சேராது என்று எங்கே படித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. எங்கேயாவது எழுதி இருக்கலாம். எல்லாவற்றையும் படித்தவள் நான் இல்லை. ஆனால் எனக்கு அது வந்தது ஏட்டில் இருந்து அல்ல. ஆட்கள் சொல்லக் கேட்டது. சொன்னவர்கள் நல்லவர்கள்தான். அவர்களும் சொல்லக் கேட்டவர்கள்.

போய்ச் சேராவிட்டால்? உங்களுக்கு ஒரு வருடம் வயிறு காயுமே என்ற பயம் எனக்கு உண்மையாக இருந்தது. இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு அது சிரிப்பு அல்ல. ஒரு பக்கம் உங்கள் பசி, மறுபக்கம் மகள். யாரை இழப்பது? மழை குடையைத் துளைத்துக்கொண்டு வந்தது. பிள்ளையாரே என்று நின்றேன்.

குனிந்து பார்த்தால் காலடியில் அறுகு. நல்ல நீளமாய், வேலியோரம் முழுவதும். நான் ரொறன்ரோவிலிருந்து கொண்டுபோன தர்ப்பையை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். திருநீற்றை மட்டும் விட்டார்கள். அதற்கும் ஒரு சோதனை. இது எதில் செய்தது என்று அந்த உத்தியோகத்தர் கேட்டார், நான் பொய் சொல்லாமல் மாட்டுச் சாணம் என்றேன். அவர் போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார், அவர் இன்னொருவரை. மூன்று பேரும் மணந்து பார்த்துவிட்டுத் தந்தார்கள். தர்ப்பை இல்லாத இடத்தில் அறுகு ஆகும் என்பது நான் அறிந்தது. அதை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வானுக்குத் திரும்பினேன்.

"தலைக்குத் தண்ணி வார்த்துப்போட்டு வா பிள்ளை" என்றேன். "நேரம் போகுது."

அவள் என் கையைப் பார்த்தாள். துவாயை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

வான் அடுப்பில் சோறு வடித்து, உழுத்தம்மாவில் நாலு வடையும் சுட்டேன். எள்ளு கெய்ன்ஸில் வாங்கியது இருந்தது. வாழையிலை கேட்டு அந்த மனிசியிடம் போனேன். எதற்கென்று கேட்டா. கணவருக்குச் சாப்பாடு படைக்க என்றேன். உள்ளே போய்க் கத்தி எடுத்து வந்து, தன் வீட்டின் பின்னால் நின்ற வாழையில் இரண்டு தலைவாழை இலையாகவே வெட்டித் தந்தா. ஆற்றில் போடக்கூடாது, தெரியுந்தானே என்று மட்டும் திரும்பவும் கேட்டா.

வானின் பக்கத்தில் இழுத்துவிடுகிற கூடாரத் துணிக்குக் கீழே, பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பலகையாக்கினேன். தெற்கு எது என்று மகள் ஃபோனில் பார்த்துச் சொன்னாள். ஈரத் தலையோடு தெற்கே பார்த்து இருந்தாள். அறுகைத் திரித்து மோதிரமாக்கி அவள் விரலில் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஓயாமல் கைகழுவி வெடித்துப்போன விரல். அவளுக்கு விளங்கும்படி தமிழிலேயே ஒவ்வொரு வரியாய்ச் சொல்லிக் கொடுத்தேன். அவள் என் பின்னால் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெயர் சொல்லும் இடம் வந்தது. நான் நின்றுவிட்டேன்.

மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும். உங்கள் பெயரை என் வாயால் சொன்னதில்லை. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டால் எழுதிக் காட்டுவேன். உங்கள் அப்பா, என் மாமாவின் பெயரும் அப்படித்தான். மாமாவின் தகப்பனார் பெயரோ எனக்குத் தெரியாது. போன வருடம் அண்ணைதான் சுதனின் காதுக்குள் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. இவ்வளவும் செய்து இந்த இடத்தில் தட்டுப்பட்டு நிற்கிறோமே, நடேசுவுக்கு ஃபோன் எடுப்போமோ என்று நான் யோசிக்க, வாசுகி எள்ளும் தண்ணீருமாய் உள்ளங்கையைச் சரித்தாள். உங்கள் பெயரைச் சொன்னாள். மறுபடி எள்ளு எடுத்து, உங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னாள். மூன்றாம் முறை எள்ளு எடுத்து, தடுமாறாமல், "விசுவலிங்கம்" என்றாள்.

விட்ட தண்ணீர் துணியின் ஓரத்தால் வழிந்த மழையோடு சேர்ந்து, புல்லுக்குள்ளால் ஆற்றுப் பக்கம் ஓடியது. அதை யாரும் மறிக்கவில்லை.

முடிந்து எழும்பிய பிறகுதான் கேட்டேன்.

"உனக்கு ஆர் சொன்னது அந்தப் பேர்?"

"அப்பாதான். ரேடியேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை. ஒவ்வொரு நாளும் காருக்குள்ளை மூண்டு பேரையும் சொல்லச் சொல்லிக் கேப்பார். பிழைவிட்டால் திரும்பச் சொல்லவேணும், ரெட் லைற் மாறமுதல். ஏன் அப்பா எண்டு கேட்டனான். சும்மா தெரிஞ்சு வைச்சிரு எண்டவர்."

இஞ்சாருங்கோ, நீங்கள் சும்மா ஒன்றும் சொல்கிற ஆள் இல்லையே. வெக்ஸ்போர்ட்டில் இந்த அப்பார்ட்மென்ட் எடுக்கிற நேரம், தண்ணீர்க் குழாயைச் சும்மா திறந்து பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, அதைத் திருத்தித் தந்தால்தான் கையெழுத்து என்று நின்றவர் நீங்கள். சுதனை மடியில் வைத்து வளர்த்தீர்கள். அவனுக்கு ஏன் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லை? எனக்கு ஏன் சொல்லவில்லை? பின் அறையில் நான் மருந்துக்கும் கஞ்சிக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருக்க, காருக்குள் தகப்பனும் மகளும் என்ன ஒழுங்கு செய்தீர்கள்?

படையலை இலையோடு வானுக்குப் பின்னால் புல்லில் வைத்தோம். காகம் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மழைக்கு எந்தக் காகம் வரும்? கொஞ்ச நேரத்தில் பற்றைக்குள் இருந்து கறுப்பாய், சிவத்த தலையும் கழுத்தில் மஞ்சள் பையுமாய், வான்கோழி மாதிரி ஒரு பறவை வந்தது. வந்து வடையைத்தான் முதலில் எடுத்தது. பிறகு காலால் சோற்றை அள்ளி நாலு பக்கமும் எறிந்தது.

"அப்பாதான்" என்றாள் வாசுகி. "பந்தியிலை எப்பவும் வடையிலைதான் தொடங்குவார்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவள் தலையைத் துடைத்துவிட்டேன். அந்தப் பறவையை நான் பதிலாய் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அது எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் வருமாம், அந்த மனிசி சொன்னா. பிண்டத்தை அவ காட்டிய மேட்டில், ஒரு மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். மண்வெட்டியும் அவவே தந்தா.

சனிக்கிழமை வெள்ளம் வடிந்து பாதை திறந்தது. நடேசு வீட்டுக்குப் போனோம். என்ன நடந்ததென்று அவர் கேட்கவில்லை. தன் மனிசியிடம், பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு போடு என்றார். அதன்பிறகு இன்னும் ஒரு கிழமை மழைக்குள்ளேயே திரிந்தோம். நீங்கள் விரும்பிய றோட்டுத்தான். யாரும் கெதியாய் வா என்று ஃபோன் அடிக்கவில்லை. நான் தேவாரம் படிக்க, சில இடங்களில் மகளும் சேர்ந்து படித்தாள். பாதி வரி மறந்துபோய்த் தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுப் படித்தாள். திருத்தவில்லை நான்.

இப்போது ரொறன்ரோவுக்கு, வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே பனி இன்னும் கிடக்கிறது. உங்கள் அண்ணை ஃபோன் எடுத்து, "எல்லாம் ஒழுங்காய் நடந்ததோ?" என்று கேட்டார். நடந்தது என்றேன். யார் செய்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடேசு செய்ததாகத்தான் அவர் நினைப்பார். வரும் வருடம் சுதன் தலைப்பட்டுச் செய்வான், இப்பவே ஐயரிடம் சொல்லி வைக்கிறேன் என்றார். அவர் அன்பில் குறை இல்லை. உங்கள் படத்துக்கு விளக்கு ஏற்றாமல் அவர் சாப்பிடுவதில்லை என்று அவர் மனிசி சொன்னா.

முந்தநாள் வாசுகி ஃபோன் எடுத்தாள். வரும் தைக்கு ரொறன்ரோ வருவதானால் லீவுக்கு இந்த மாதமே எழுதிப் போட வேண்டுமாம். மாரிகாலத்தில் அங்கே ஆட்கள் குறைவாம், பிந்தினால் கிடையாதாம்.

"அடுத்த வருசம் ஆர் செய்யிறது அம்மா? நீங்கள் சொல்லுறதைப் பொறுத்துத்தான்" என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை போய்விட்டது.

முதலை ஆற்றங்கரையில், யாரும் காணாத இடத்தில், வழியில்லாத நேரத்தில் செய்தது ஒன்று. மில்லிக்கனில், அண்ணையின் கூடத்தில், இவ்வளவு சனத்துக்கும் ஐயருக்கும் முன்னால், சுதன் பின்னால் நிற்க அவள் முன்னால் இருப்பது வேறு. அது எனக்குத் தெரியும். ஆனால் ஆற்றங்கரையில் சரியென்றால் கூடத்திலும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? அங்கே பிழையென்றால், போய்ச் சேராத நீரை அவள் கையால் விடவைத்தவள் நானல்லவா?

இதை நான் கோயில் மலருக்குக் கொடுக்கப் போகிறேன். பெண்பிள்ளை மட்டும் பெற்றவர்கள் எங்களுக்குள்ளே நிறையப் பேர். அவர்களும் கேட்க முடியாமல் நிற்பார்கள். ஆனால் அண்ணை இதை அச்சில் கண்டு அறியக்கூடாது. வரும் ஞாயிறு மில்லிக்கனுக்கு நானே போவேன். அவர் முன்னால் இருந்து, இந்த வருடம் செய்தது உங்கள் தம்பியின் மகள், இனியும் அவளே செய்வாள் என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. நீங்கள் பேசாமல் இருந்தாலும் சொல்வேன். பிள்ளையை இனிமேல் பின்னால் நிற்கச் சொல்ல என்னால் முடியாது.

ஆனாலும் உங்கள் சொல் கையில் இருந்தால் என் குரல் நடுங்காது. அவள் விட்ட நீர் உங்களுக்கு வந்ததோ? அந்த மூன்று பெயரையும் இதற்காகத்தான் சொல்லிக் கொடுத்தீர்களோ? கனவில் வந்தாலும் சரி, வேறு எப்படி என்றாலும் சரி, எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம், கெதியாய் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசுகியின் அம்மா